சேஜ் பச்சைச் சுவரில் கோளாறா? பெயிண்டரைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

ஹாலுக்கு என்ன கலர் என்று கேட்டால் இப்போது நிறையப் பேர் செல்போனில் எடுத்துக் காட்டுவது இந்தச் சாம்பல் கலந்த சேஜ் பச்சையைத்தான். கண்ணுக்குக் குளிர்ச்சி, தேக்குக் கதவோடு நன்றாகச் சேரும், நல்ல தேர்வுதான். ஆனால் வெள்ளை பேஸில், அதாவது கலர் கலக்காத மூலப் பெயிண்டில், துளிப் பச்சை, துளி மஞ்சள், துளிக் கறுப்பு விட்டு எடுக்கும் ஷேடு இது. வெளிச்சமோ ஈரமோ கைவேலையோ எது கொஞ்சம் பிசகினாலும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். சேலத்திலும் ஏற்காட்டிலும் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்கிற எனக்கு வரும் போன் எல்லாம் "பெயிண்ட் சரியில்லைங்க" என்றுதான் ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால் பெயிண்ட் மேல் தப்பு இருப்பது அபூர்வம்.

உங்கள் சுவரில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில் வரும், கை கடிக்கிற வேலை கடைசியில். டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஷேடு நம்பர், எந்த பேஸ், என்றைக்குக் கலந்தது எல்லாம் அதில்தான் இருக்கும். அது இல்லாமல் கடைக்காரரிடம் வாதாடிப் பயனில்லை.

## கார்டில் பார்த்தது ஒன்று, சுவரில் தெரிவது ஒன்று

### ராத்திரியில் மட்டும் மாறுகிறது

பல்புதான். அட்டைப்பெட்டியைப் பாருங்கள், 6500கே என்று போட்டிருக்கும். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் அது. நம் ஊரில் பெரும்பாலும் மாட்டியிருப்பது இந்த வெள்ளை வெளேர் பல்பும் டியூப்லைட்டும். அந்த வெளிச்சத்தில் சேஜ் பச்சை நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பயந்து 2700 அல்லது 3000கே மஞ்சள் பல்புக்குப் போனால் காக்கி அடிக்கும். 4000கே, பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90 அல்லது அதற்கு மேல் போட்டதாக ஒன்றே ஒன்று வாங்கி மாட்டிப் பாருங்கள். சரியாகத் தெரிந்தால் மற்றதையும் மாற்றுங்கள். சுவரைத் தொடவே வேண்டாம்.

### பகலிலும் சாம்பலாக, நீலமாக இருக்கிறது

ஜன்னல் வடக்குப் பார்த்ததா? வடக்கு ஜன்னலில் வருவது பெரும்பாலும் வானத்து வெளிச்சம். அதில் நீலம் தூக்கலாக இருக்கும். சேலம் இருப்பது சுமார் 11.7 டிகிரி வடக்கில். அதனால் சித்திரை முதல் வாரம் தாண்டியதில் இருந்து ஆவணி தொடக்கம் வரை உச்சி வெயில் வடபுறம் சாய்ந்து நிற்கும், வடக்கு ஜன்னலுக்கும் வெயில் எட்டிப் பார்க்கும். ஐப்பசிக்கு அப்புறம் அந்த ஜன்னலுக்கு நேர் வெயிலே கிடையாது. வைகாசியில் பார்த்து ரசித்த கலர் மார்கழியில் "செத்துப்போச்சுங்க" என்று தோன்றினால் காரணம் இதுதான்.

முதலில் திரைத்துணி. பளீர் வெள்ளைத் திரையைக் கழற்றிவிட்டு அரை வெள்ளை, சந்தன நிறத் துணி போட்டுப் பாருங்கள். அதிலும் மனசு ஒப்பவில்லை என்றால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை மட்டும் கொஞ்சம் மஞ்சள் கூடின ஷேடில் அடிக்கலாம். முழு ரூமையும் மறுபடி அடிக்கச் சொல்லி யாராவது வந்தால், முதலில் பல்பையும் திரையையும் பார்த்தாரா என்று கேளுங்கள்.

### ஒரு சுவர் மட்டும், அதுவும் கீழ்ப்பாதி மட்டும் பழுப்படிக்கிறது

தரையைப் பாருங்கள். சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை ஏரியாப் பக்கம் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு தரை இருக்கும். வெயில் அதில் பட்டுச் சுவருக்கு ஏறும்போது பச்சையை அமுக்கிவிடும். வெள்ளை பெட்ஷீட் ஒன்றைத் தரையில் விரித்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். சுவர் தெளிந்தால் விஷயம் முடிந்தது, ஒரு வெளிர் ஜமுக்காளம் போதும். பக்கத்து வீட்டுக்காரர் ஆரஞ்சு அடித்திருந்து இடைவெளி மூன்று அடியாக இருந்தாலும் இதே கதைதான், அதற்கு நம்மால் திரை மட்டுமே போட முடியும். ஏற்காட்டில் இது தலைகீழ். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்கும் காபிச் செடியுமாக இருந்தால் சுவர் கேட்டதைவிடப் பச்சையாகத் தெரியும். அங்கே ஷேடு எடுக்கும்போதே ஒரு படி சாம்பல் கூடினதாக எடுத்துக்கொள்வது நல்லது.

### எந்த நேரம் பார்த்தாலும், எந்த ரூமில் பார்த்தாலும் தப்பு

இப்போதுதான் டப்பாவைச் சந்தேகப்பட வேண்டும். மீதிப் பெயிண்டை அடிவரை கலக்கி, இரண்டடிச் சதுர வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து ஒரு நாள் காய விடுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவுக்கு வரவேண்டாம், எமல்ஷன் காயும்போது கொஞ்சம் கறுக்கும். காய்ந்த அட்டையையும் ஷேடு கார்டையும் வாசலில் நிழலான இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கேயும் வேறாக இருந்தால் பேஸ் மாறியிருக்கலாம், அல்லது ஒரு கம்பெனி ஷேடை இன்னொரு கம்பெனி மெஷினில் "மேட்ச்" பண்ணியிருக்கலாம். மேட்ச் பண்ணினது கடை வெளிச்சத்தில் ஒன்றுபோல இருந்து, வீட்டு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். அட்டை, ஸ்டிக்கர் இரண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பெயிண்டர் பாக்கெட்டில் இருந்து ஸ்டெய்னர் (கையால் கலக்கும் கலர்) பாட்டிலை எடுத்து "ரெண்டு சொட்டு விட்டா சரியாயிடும்ணா" என்றால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு சொட்டை அடுத்த டப்பாவில் அவரால் அப்படியே திரும்ப விட முடியாது.

## ஒரே சுவரில் இரண்டு பச்சை

நேர்கோட்டில் மாறுகிறது, அங்கேதான் ஒரு டப்பா முடிந்தது. தனித்தனியாகக் கலந்த டப்பாக்கள். ஒரு லிட்டர் டப்பாவில் ஒரு துளி கூடினாலே கண்ணுக்குத் தெரியும். இருக்கிற மீதி எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கலக்கி, மூலைக்கு மூலை அந்தச் சுவரை மட்டும் ஒரு கோட் விட்டால் மறைந்துவிடும். வேலை தொடங்கும் முன்பே இப்படிக் கொட்டிக் கலக்குவதுதான் முறை. ஒழுங்காகப் பட்டி (சுவரைச் சமன்படுத்தப் பூசுவது) பார்த்த சுவர் என்றால் நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 120 முதல் 140 சதுர அடி வரும். அதை வைத்துக் கணக்குப் போட்டு முதலிலேயே பெரிய டப்பாவாக வாங்கிவிட்டால் இந்தப் பஞ்சாயத்தே வராது.

ஆணி ஓட்டை அடைத்த இடம் மட்டும் தெரிகிறது. டச்சப் பண்ணினதன் அடையாளம் அது. பட்டி வைத்த இடத்தில் பிரைமர் (கலருக்கு முன் விடும் அடிப்பூச்சு) விட்டிருக்க மாட்டார்கள், அது பெயிண்டை உறிஞ்சிவிட்டது. அல்லது சுவர் ரோலரில், டச்சப் பிரஷ்ஷில். பளபளப்பு கூடின பெயிண்டில் இது எப்படியும் தெரியும், மேட் என்றால் ஓரளவு தப்பிக்கலாம். பிரைமர் தொட்டு, சின்ன ரோலரில் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் மறையாவிட்டால் மறுபடியும் மூலைக்கு மூலைதான்.

மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக. பங்குனி, சித்திரையில் அடித்த வீடுகளில் இது சகஜம். சுவரே சூடாக இருக்கும், மேலே ஃபேன் வேறு ஓடும், ஒரு பட்டை காய்ந்த பிறகு அடுத்த பட்டை அதன் மேல் ஏறும். ஏறின இடம் இரண்டு கோட், மற்ற இடம் ஒரு கோட். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, காலை வெயில் ஏறும் முன் ஒரு சுவரை நிறுத்தாமல் முடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்று டப்பாவில் போட்டிருக்கும், அதற்கு மேல் கலந்தால் எத்தனை கோட் விட்டாலும் பட்டை போகாது. அளவு டம்ளர் ஒன்றை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

## வெள்ளைப் பூ பூக்கிறது, பொருமிக்கொண்டு வருகிறது

எனக்கு வருகிற புகாரில் முக்கால்வாசி இதுதான். வெள்ளைச் சுவரில் உப்பு பூத்தால் நாலு மாதம் யாரும் கவனிக்க மாட்டார்கள். சேஜ் பச்சையில் மறுநாளே தெரியும்.

கையால் தேயுங்கள். பொடியாக உதிர்ந்து நாக்கில் வைத்தால் கரித்தால் உப்பு. கரிக்காமல் மாவாக மட்டும் வந்தால் மட்டமான பட்டி, அதற்கு "தோலாக உரிகிறது" பகுதிக்குப் போங்கள். பஞ்சு மாதிரி, கறுப்பு கலந்து இருந்தால் பூசணம். அதை நாக்கில் வைக்காதீர்கள், ஏற்காட்டுப் பகுதிக்குப் போங்கள்.

உப்பு என்றால், எந்த இடத்தில் என்பதுதான் அடுத்த கேள்வி.

### புது வீடு, அங்கங்கே

பூச்சு இன்னும் ஆறவில்லை. சிமெண்ட் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் கொடுக்க வேண்டும், மழைக்காலத்தில் அதுவும் பத்தாது. நம் ஊர்ப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில்தான் கலவை போட்டு, அதிலேயே க்யூரிங்கும் பண்ணியிருப்பார்கள். காயக் காய அந்த உப்பு வெளியே வரும். கிரகப்பிரவேசத் தேதி குறித்துவிட்டு பெயிண்டரை விரட்டின வீடுகளில் கட்டாயம் வரும். சிமெண்ட் பூச்சில் இருக்கும் காரம் (ஆல்கலி) பெயிண்டில் ஏறினால் உப்பு பூக்காமலேயே கலர் திட்டுத் திட்டாக வெளுக்கும், அதுவும் இதே கேஸ்தான்.

ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய், காய்ந்ததும் வெளியே வரும். காய்ந்த தேங்காய் நார் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து போட்டுவிடுங்கள். பூப்பது நிற்கிற வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். நின்ற பிறகு, காரம் தாங்கும் பிரைமர் விட்டு மேலே அடிக்கலாம்.

### தரையில் இருந்து மூன்றடி உயரம் வரை

ஓதம், அதாவது நிலத்து ஈரம், சுவரில் ஏறுகிறது. வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டி மண் குவித்து செம்பருத்தி வைத்திருக்கிறீர்களா? துணி துவைக்கிற கல் அங்கேதானா? மண்ணை வீட்டுத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்குங்கள், தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மண்வெட்டி போதும், ஒரு கோடை காத்திருந்தால் பலன் தெரியும். அதற்கும் அடங்காவிட்டால் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் பட்டை இல்லாமல் கட்டிய வீடு. சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்றுகிற வேலை அது, பெயிண்டருக்குச் சம்பந்தமில்லை. வாட்டர் ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிட்டு, எழுத்தில் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

### பாத்ரூமுக்கு அந்தப் பக்கச் சுவர்

ராத்திரி படுக்கும் முன் டேங்க் அளவைக் குறித்துவிட்டு எல்லாக் குழாயையும் மூடுங்கள், மோட்டாரும் போட வேண்டாம். காலையில் அளவு இறங்கியிருந்தால் பைப்பில் கசிவு, பிளம்பர். இறங்கவில்லை என்றால் டைல்ஸ் இடுக்கில் சிமெண்ட் போயிருக்கும், அதைச் சுரண்டி எபாக்ஸி வைத்து அடைக்கலாம். நான்கைந்து நாள் அந்த பாத்ரூமைப் பூட்டிவிட்டு எதிர்ச் சுவர் காய்கிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

### மேல் மூலை, சீலிங்கை ஒட்டி

மாடிக்கு ஏறுங்கள். தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் இலை அடைத்திருக்கும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையில் வெடிப்பு இருக்கும். இலையை எடுப்பது உங்கள் வேலை, வெடிப்பை அடைப்பது கொத்தனார் வேலை. மாடியில் பதித்த ஓடுகள் பெயர்ந்து தளமே தண்ணீர் குடிக்கிறது என்றால் பெரிய செலவு. அதைச் செய்யாமல் கீழே ஹாலில் பெயிண்ட் அடிப்பது வீண் காசு. "வாட்டர் ப்ரூஃப் பட்டி போட்டா நிக்கும்" என்று சொல்வார்கள். ஒரு மழைக்கு நிற்கும், அடுத்த மழைக்குப் பட்டியோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

எதைச் சரிசெய்தாலும் சுவர் காய்ந்ததா என்று உறுதி செய்யாமல் மேலே போகாதீர்கள். ஒரு அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்தால் சுவருக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. வெளிப்பக்கம் வேர்த்தால் ரூம் காற்றில் ஈரம்.

மாதமும் முக்கியம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வழக்கம் சுண்ணாம்புக்கு ஏற்றது. சுண்ணாம்பு சுவரை மூச்சு விட விடும், ஈரம் இருந்தாலும் தாங்கும். எமல்ஷன் அப்படி இல்லை. சேலத்தில் ஆடிக் கடைசியில் இருந்து கார்த்திகை வரை மழை பிடிக்கும், அதைக் குடித்த சுவருக்கு மார்கழியிலேயே எமல்ஷன் போர்த்தினால் ஈரம் போக வழியில்லாமல் சித்திரை வெயிலுக்குப் பொருமும். பழுதான சுவர் என்றால் பொங்கலுக்குச் சுரண்டி விட்டுவிட்டு, மாசி கடைசியில் அடியுங்கள். சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும்.

## ஏற்காட்டு வீடுகளில்: கறுப்புப் புள்ளி, பழுப்புக் கோடு

சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். கீழே பங்குனி வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காய்கிற கோட், மேலே பனிமூட்டத்தில் மறுநாள் வரை ஈரமாகவே நிற்கும். இதைக் கணக்கில் எடுக்காமல், இருபது கொண்டை ஊசி வளைவையும் இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று சாயங்காலம் அவசரமாக இரண்டாவது கோட் விட்டுவிட்டு கிளம்புகிற ஆட்களால் வருவதுதான் இங்கே பாதிக் கோளாறு.

### புதுச் சுவரில் பழுப்பாக, பிசுபிசுப்பாகக் கோடு இறங்குகிறது

பார்த்தால் யாரோ தேன் ஊற்றின மாதிரி வழிந்திருக்கும். பயப்பட வேண்டாம். எமல்ஷனில் இருக்கும் சோப்புத்தன்மையுள்ள பொருள், காய நேரமில்லாமல் பனி பட்டதால் மேலே வந்திருக்கிறது. கலர் கலந்த பெயிண்டில் இது நன்றாகத் தெரியும். வெறும் தண்ணீரில் மெல்லத் துடையுங்கள். இன்னும் ஒன்றிரண்டு தடவை வரலாம், பிறகு நின்றுவிடும். மறுபடி அடிக்கத் தேவையில்லை. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, சுவர் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தாலோ அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவது நல்லது.

### கறுப்பு, கரும்பச்சைப் புள்ளி

பூசணமா அழுக்கா என்று முதலில் பாருங்கள். கடையில் விற்கும் திரவ ப்ளீச்சை ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒரு சொட்டு வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் புள்ளி வெளுத்தால் பூசணம், அப்படியே நின்றால் அழுக்கு. ஓரமான இடத்தில் வைத்துப் பாருங்கள், பச்சையும் கொஞ்சம் வெளுக்கக்கூடும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாத்ரூம் ஆசிட், வினிகர் எதையும் இதோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து அடிப்பவர்களும் உண்டு, அது வெள்ளைப் படிவு விட்டுவிடும்.

பூசணம் எங்கே பிடிக்கிறது? பீரோவுக்குப் பின்னாலா, கட்டில் தலைமாட்டிலா? பீரோவைச் சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். வாரக் கடைசியில் மட்டும் திறக்கிற வீடு என்றால் நடுவில் ஒரு நாள் தோட்டத்து ஆளை விட்டு ஜன்னலைத் திறந்து மூடச் சொல்லுங்கள். மேலே சொன்ன பிளாஸ்டிக் ஷீட் சோதனை இங்கேதான் மிகவும் உதவும். வெளிப்பக்கம் வேர்த்தால் காற்றோட்டம் பத்தவில்லை, பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். உள்பக்கம் வேர்த்தால் மலைச்சரிவில் இருந்து சுவருக்குத் தண்ணீர் வருகிறது. வீட்டுக்கு மேல்புறம் வடிகால் வெட்ட வேண்டும், அதற்கு மலையில் கட்டிப் பழகின மேஸ்திரியே சரி.

கழுவி, காய்ந்து, பூசண எதிர்ப்புக் கரைசல் அடித்த பிறகுதான் பெயிண்ட். புள்ளிக்கு மேலேயே அடித்தால் அதே இடத்தில் அதே வடிவத்தில் திரும்ப வரும். சுவர் முழுக்கப் பரவியிருந்து வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் நீங்களாகச் சுரண்ட வேண்டாம், ஆள் வைத்துச் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அன்றைக்கு வீட்டில் இருக்கக் கூடாது.

## தோலாக உரிகிறது

சுவரில் பிளேடால் பெருக்கல் குறி போட்டு, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு என்ன வருகிறது என்று பாருங்கள்.

பச்சை மட்டும் வந்தால், அடியில் பிரைமர் விடவில்லை. பச்சையோடு வெள்ளைப் பொடியும் வந்தால், பட்டி மட்டம், அல்லது பழைய டிஸ்டெம்பரையோ சுண்ணாம்பையோ சுரண்டாமல் மேலே ஏற்றிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் வைத்தியம் ஒன்று: பிடிப்பு இருக்கிற இடம் வரை சுரண்டு, உப்புத்தாள் போடு, தூசியைத் துடை, பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர், அப்புறம் கலர். கூலிதான் அதிகம், சாமான் செலவு குறைவு. செங்கலோ மண்ணோ தெரியும்படி பூச்சே கையோடு வந்தால் கொத்தனார்.

சுண்ணாம்புக் காரை பூசின பழைய வீடுகளுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் மேல் சிமெண்ட் பட்டியும் எமல்ஷனும் போட்டால் எப்படி அடித்தாலும் சில வருடத்தில் பலகை பலகையாக விடும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பிலேயே பச்சை, மஞ்சள் ஆக்சைடு கலந்து அடிக்கலாம். சேஜ் நிறம் அதில் இன்னும் மென்மையாகவே வரும். கார்டில் இருக்கும் அதே ஷேடு வராது, அவ்வளவுதான்.

கதவு, ஜன்னலின் பழைய எனாமலைத் தேய்க்கும்போது காய்ந்த உப்புத்தாள் வேண்டாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமல் என்றால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லி, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

## பூஜை ரூமிலும் அடுப்புக்கு மேலும் கறை

விளக்குப் புகையும் எண்ணெயும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு, மெத்தென்ற ஸ்பாஞ்ச், கீழிருந்து மேலாக. மேட் சுவரை அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மினுங்கும். போகாத கறைமேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் மஞ்சளாக ஊறி வெளியே வரும், கறை தடுக்கும் பிரைமர் ஒரு கோட் விட்டு அடியுங்கள். இந்த இரண்டு இடத்துக்கும் முதலிலேயே கழுவத் தாங்கும், லேசாக மினுங்கும் சாட்டின் வகை எடுத்திருக்கலாம். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ்தான் என் கட்சி.

## கீறல்

முடி போல, சிலந்தி வலை போல இருந்தால் பூச்சுக் கீறல். சுரண்டி, கீறல் அடைக்கும் பசை வைத்து அடித்துவிடலாம். தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேராக மேலிருந்து கீழ் வரை ஓடினால், பூசும்போது கோழிவலை வைக்கவில்லை. அந்தப் பட்டையை மட்டும் கொத்தி, வலை அடித்துப் பூச வேண்டும். ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக ஏறுகிற கீறலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலமானாலோ, கதவு திடீரென்று சாத்த மறுத்தாலோ பெயிண்டரையும் கொத்தனாரையும் விட்டுவிட்டு கட்டுமானப் பொறியாளரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும் வரை அந்தச் சுவரில் பட்டி வைக்க விடாதீர்கள். கீறலை மூடிவிட்டால் அது வளர்கிறதா என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது.